அமெரிக்காவின் பாலியல் குற்றவாளிகள் தேடல் தளம்: குழந்தையைக் காப்பாற்றுமா?

அமெரிக்காவில் குடும்பத்தோடு வீடு மாறுகிறவர்கள், பள்ளி எப்படி என்று பார்த்த கையோடு இன்னொரு பக்கத்தையும் திறக்கிறார்கள். மத்திய அரசின் நீதித்துறை நடத்தும் தேசியப் பாலியல் குற்றவாளிகள் பொதுத்தளம் அது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். முகவரி போட்டால் சுற்றுவட்டாரத்தில் பதிவானவர்கள் பெயர், படம், குற்றம் எல்லாம் வந்துவிடும். தேடுகிற கருவியாகப் பார்த்தால் இது நன்றாகவே வேலை செய்கிறது. குழந்தைகள் மீதான குற்றத்தைத் தடுக்கிற கருவியாகப் பார்த்தால் இதன் பலன் மிகச் சொற்பம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் தளத்தையும் அதற்குப் பின்னால் உள்ள சட்டங்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலில் தளம். 2005-இல் தொடங்கியது, 2003-இல் நார்த் டகோட்டாவில் கடத்திக் கொல்லப்பட்ட கல்லூரி மாணவி ட்ரூ ஷோடினின் பெயர் பிறகு அதற்கு வைக்கப்பட்டது. இந்தத் தளத்திடம் சொந்தமாக எந்தப் பட்டியலும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் தேடும்போது அது ஒவ்வொரு மாநிலத்தின் பதிவேட்டையும் அந்த நேரத்தில் கேட்டு, வந்த பதிலை ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுகிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் தளம் அந்த வேளையில் பழுதாகிக் கிடந்தால் அங்கிருந்து எதுவும் வராது. ஆகவே “முடிவு எதுவும் இல்லை” என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பதில் தராத மாநிலங்கள் எவை என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த மாநிலத்தின் தளத்திலேயே நேராக இன்னொரு முறை தேடுங்கள்.

தேட இரண்டு வழிகள் உண்டு. முகவரி வழியில் தெரு, ஊர், ஜிப் கோடு கொடுத்து ஒன்று முதல் மூன்று மைல் சுற்றளவைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டு முகவரியோடு நிறுத்தாமல் டேகேர், பள்ளிப் பேருந்து நிற்கும் இடம், தாத்தா பாட்டி வீடு ஆகியவற்றையும் போட்டுப் பாருங்கள். பெயர் வழி என்றால் முழுப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ராபர்ட் என்பவர் பாப் என்று பதிவாகியிருக்கலாம். கடைசிப் பெயரின் எழுத்தும் மாறியிருக்கலாம். முதல் பெயரின் தொடக்க எழுத்துகளை மட்டும் போட்டு ஒரு முறை, கடைசிப் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் ஒரு முறை தேடுங்கள். பெயர் பொருந்தினால் படம், பிறந்த ஆண்டு, உடல் அடையாளம் மூன்றையும் ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரே பெயரில் நூறு பேர் இருக்கும் நாடு அது.

ஒரு பதிவைத் திறந்தால் கண் நேராகப் படத்துக்குப் போகிறது. பார்க்க வேண்டியவை அதற்குக் கீழே இருக்கின்றன. குற்றத்தின் பெயர் சட்டப்பிரிவின் மொழியில் இருக்கும், அதிலிருந்து என்ன நடந்தது என்று புரியாது. பாதிக்கப்பட்டவரின் வயதைச் சில மாநிலங்கள் தருகின்றன, சில தருவதில்லை. தீர்ப்பான ஆண்டைப் பாருங்கள்: 1996-இல் தண்டனை, அதற்குப் பிறகு வேறு எதுவும் இல்லை என்றால் அது ஒரு வகை, 2004, 2011, 2019 என்று வரிசையாக இருந்தால் அது முற்றிலும் வேறு வகை. அடுத்து நிலை. சிறையில் இருக்கிறார், தலைமறைவு, மாநிலத்தை விட்டுப் போய்விட்டார், சிலவற்றில் இறந்துவிட்டார் என்றுகூட இருக்கும். ஃபுளோரிடாவின் பட்டியலில் ஊரை விட்டுப் போனவர்களின் பெயரும் தொடர்ந்து இருக்கிறது. அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு ஊரை எடைபோட்டால் தப்பாகிவிடும். கடைசியாக, முகவரி எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்பது. அந்தத் தேதி பழையதாக இருந்தால் வரைபடத்தில் உள்ள புள்ளிக்கு மதிப்பில்லை.

பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்பது அதைவிட முக்கியம். 2006-இன் ஆடம் வால்ஷ் சட்டம் என்ற மத்தியச் சட்டம் குற்றவாளிகளை மூன்று அடுக்காகப் பிரித்தது: முதல் அடுக்கினர் 15 ஆண்டு பதிவேட்டில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை நேரில் வர வேண்டும், இரண்டாம் அடுக்கினர் 25 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மூன்றாம் அடுக்கினர் ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வீடோ வேலையோ மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இந்த அடுக்கு குற்றத்தின் சட்டப்பிரிவை வைத்து முடிவாகிறது. அந்த மனிதர் மறுபடி செய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதை வைத்து அல்ல. இதைப் பின்பற்றாத மாநிலத்துக்கு மத்திய காவல் நிதியில் 10% வெட்டு. அப்படியிருந்தும் பல மாநிலங்கள் தங்கள் முறையையே வைத்திருக்கின்றன. நியூயார்க், ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்பட்ட முதல் நிலையினரை இணையத்தில் காட்டுவதில்லை. மின்னசோட்டா மிக உயர்ந்த மூன்றாம் நிலையினரைத்தான் பொதுவில் வெளியிடுகிறது. டெக்சாஸ், ஃபுளோரிடா கிட்டத்தட்ட எல்லோரையும் காட்டுகின்றன. ஆகவே ஒரு மாநிலத்தில் ஐந்து புள்ளி, இன்னொன்றில் நாற்பது புள்ளி என்றால் முதல் ஊர் பாதுகாப்பானது என்று பொருளில்லை. வெளியிடும் விதி வேறு, அவ்வளவுதான். வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள், அரசு வழக்கறிஞரோடு பேரம் பேசிச் சாதாரணத் தாக்குதல் வழக்காகக் குறைத்துக்கொண்டவர்கள், புகாரே ஆகாதவர்கள் எந்த மாநிலத்திலும் வர மாட்டார்கள்.

இந்த அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு, அது எந்தத் துயரத்திலிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1989 அக்டோபரில் மின்னசோட்டாவின் செயின்ட் ஜோசப் ஊரில் 11 வயது ஜேக்கப் வெட்டர்லிங் கடத்தப்பட்டான். 1994-இல் அவன் பெயரில் வந்த மத்தியச் சட்டம் எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. அப்போது அது போலீஸின் கைக்கு மட்டும். அதே 1994 ஜூலையில் நியூ ஜெர்சியில் 7 வயது மேகன் காங்காவை எதிர்வீட்டில் இருந்தவன் கொன்றான். அவனுக்கு முன்பே இரண்டு தண்டனைகள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லப்படவில்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை விட்டிருப்போமா என்று அந்தப் பெற்றோர் கேட்ட கேள்விக்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியாது. சுமார் மூன்று மாதத்தில் மாநிலச் சட்டம், 1996-இல் மத்தியச் சட்டம். பதிவேட்டின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது.

ஜேக்கப்பைக் கொன்றவன் 2016-இல்தான் ஒப்புக்கொண்டான். 1989-இல் பதிவேடு இருந்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திருக்காது, ஏனென்றால் அதுவரை பாலியல் குற்றத்துக்கு அவன் தண்டிக்கப்பட்டதே இல்லை. ஜேக்கப்பின் தாய் பேட்டி வெட்டர்லிங், பதிவேட்டுக்காகப் போராடியவர், இந்தச் சட்டங்கள் எல்லை மீறி வளர்ந்துவிட்டன என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னால் கேட்க வேண்டும்.

எண்கள் அவர் பக்கம்தான் நிற்கின்றன. 1991 முதல் 1996 வரை போலீஸுக்கு வந்த புகார்களை வைத்து நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பாதிக்கப்பட்ட வழக்குகளில் செய்தவர் குடும்பத்தார் 34%, தெரிந்தவர் 59%, முன்பின் தெரியாதவர் 7%. ஆறு வயதுக்குக் கீழே பார்த்தால் குடும்பத்தார் ஏறத்தாழ பாதி, அந்நியர் 3%. அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் வழக்குகளில் செய்தவர்களில் 40% பேர் தாங்களே 18 வயது நிரம்பாதவர்கள். பெரிய அண்ணன், சித்தப்பா பையன், பார்த்துக்கொள்ள வந்த பதினைந்து வயதுப் பிள்ளை. இவர்களில் பெரும்பாலானோரை எந்த வரைபடமும் காட்டாது.

நியூயார்க்கில் 21 ஆண்டுகளின் கைது விவரங்களை எடுத்து 2008-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த வகைக் குற்றத்தில் முதல் முறை சிக்கியவர்கள். அதாவது கைதுக்கு முந்தின நாள் பதிவேட்டை அலசியிருந்தாலும் நூற்றில் ஐந்து பேர்கூடக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

பதிவானவர்கள் எல்லோரும் மறுபடி செய்வார்கள் என்பதும் சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை. 2002-இல் உச்சநீதிமன்றமே அந்த அபாயத்தை “அச்சமூட்டும் அளவுக்கு உயர்ந்தது” என்று எழுதியது. அதற்குப் பின்னால் இருந்த 80% என்ற எண், ஆய்வு எதுவும் செய்யாத ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து வந்தது என்பது பின்னர் சட்ட அறிஞர்கள் தேடிக் கண்டது. 2005-இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஒன்பது ஆண்டு தொடர்ந்து பார்த்த அரசின் கணக்கில், வன்புணர்வு, பாலியல் தாக்குதல் வழக்கில் இருந்தவர்களில் அதே வகைக் குற்றத்துக்கு மறுபடி கைதானவர்கள் 7.7%. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: குழந்தைகள் மீதான குற்றங்களில் பெரும்பகுதி புகாராவதே இல்லை, ஆகவே உண்மை விகிதம் இதைவிட அதிகம். எவ்வளவு கூட்டிப் பார்த்தாலும் 80% வராது.

சட்டம் வந்த பிறகு என்ன மாறியது? மேகனின் சொந்த மாநிலமான நியூ ஜெர்சியிலேயே 2008-இல் ஆய்வு நடந்தது. மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை, பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கையும் குறையவில்லை. செலவு மட்டும் தொடக்கத்தில் 5,55,565 டாலராக இருந்தது 2007-இல் 39 லட்சம் டாலர் அளவுக்குப் போயிருந்தது, அதுவும் விவரம் தந்த 15 கவுன்டிகளுக்கு. 2021-இல் ஆய்வாளர்கள் கிறிஸ்டன் ஸ்கோபாவும் மேகன் மிட்செலும் 25 ஆண்டுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்தார்கள்: 18 ஆய்வுகள், 4,74,640 பேர். போலீஸிடம் பதிவதும் பொதுமக்களுக்கு அறிவிப்பதும் மறுகுற்றத்தைக் குறைத்ததாக அந்தக் கூட்டுக்கணக்கில் தெரியவில்லை. 1990-களிலிருந்து குழந்தைகள் மீதான உறுதிசெய்யப்பட்ட பாலியல் வன்முறை வெகுவாகக் குறைந்தது உண்மைதான். 1992-இலிருந்து 2010-க்குள் 62% என்பது ஆய்வாளர் டேவிட் ஃபிங்கல்ஹோர் குழுவின் கணக்கு. ஆனால் இறங்குமுகம் இந்தச் சட்டங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது, அதே காலத்தில் குழந்தைகளை அடித்துத் துன்புறுத்தும் வழக்குகளும் சேர்ந்தே குறைந்தன. பெருமையைப் பதிவேட்டுக்குக் கொடுக்க இடமில்லை.

இந்தச் சட்டங்களில் சரியாக வேலை செய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. 15 மாநிலங்களின் விவரங்களை வைத்து பிரெஸ்காட், ராக்காஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பதிவையும் அறிவிப்பையும் பிரித்துப் பார்த்தது. போலீஸிடம் மட்டும் பதிவு செய்வது, தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்தார் மீதான குற்றங்களைக் குறைக்கிறது. பொதுமக்களுக்கு வெளியிடுவது, இன்னும் மாட்டாதவர்களுக்குக் கொஞ்சம் பயம் கொடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்கள் மறுபடி செய்யும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வேலை, வீடு, உறவு எல்லாம் அறுந்து, இழக்க எதுவும் மிஞ்சாதவனை எது தடுக்கும் என்று யோசித்தால் காரணம் புரியும். மின்னசோட்டாவில் அறிவிப்பு மறுகுற்றத்தைக் குறைத்ததாக ஓர் ஆய்வு காட்டியது. அங்கே ஒவ்வொருவரையும் தனியாக மதிப்பிட்டு, மிக ஆபத்தான சிலரைப் பற்றி மட்டும் சொல்கிறார்கள். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள பட்டியலில் உண்மையாகவே கண்காணிக்க வேண்டியவன் கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறான்.

இதே சட்டக் குடும்பத்தில் மிக மோசமானது வசிப்பிடத் தடை. பள்ளி, பூங்கா, டேகேரிலிருந்து 1,000 அடி, 2,000 அடி, சில ஊர்களில் 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்கிற விதி. வரைபடத்தில் அந்த வட்டங்களை வரைந்து பாருங்கள். நகரத்தில் இடமே மிஞ்சாது. அயோவாவில் 2,000 அடி விதி அமலானதும், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத, பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலானது. அந்த மாநிலத்தின் அரசு வழக்கறிஞர்கள் சங்கமே விதியை மாற்றச் சொன்னது. மியாமியில் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு ஆட்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். மின்னசோட்டா சிறைத்துறை, 1990-க்கும் 2002-க்கும் இடையில் விடுதலையாகி மறுபடி பாலியல் குற்றத்துக்குச் சிறை சென்ற 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. வசிப்பிடத் தடை இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய வழக்கு ஒன்றுகூட இல்லை. பூங்காவில் காத்திருந்து பிடித்தவர்கள் அல்ல அவர்கள். குழந்தையின் தாயோடு பழகி வீட்டுக்குள் போனவர்கள் பலர்.

விடுதலையான பின் துணைநிற்கும் ஏற்பாடுகளுக்கு, பதிவேட்டுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு போனாலும் பலன் பெரிது. கனடாவின் ஒன்டேரியோவில் 1994-இல் தொடங்கிய “ஆதரவு, பொறுப்பு வட்டம்” என்ற முறையில் நான்கைந்து தன்னார்வலர்கள் விடுதலையான ஒருவரை வாரந்தோறும் சந்தித்து, எங்கே போகிறார், யாரோடு இருக்கிறார் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். மின்னசோட்டாவில் 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தபோது, வட்டத்தில் இருந்தவர்கள் புதிய பாலியல் குற்றத்துக்குக் கைதாகும் அபாயம் 88% குறைந்தது. சிறிய சோதனைதான். பொதுப் பட்டியலைப் பற்றிய கூட்டுக்கணக்கில் இப்படி ஒரு பலன் தெரியவில்லை.

சரி, பெற்றோர் இந்தத் தளத்தை என்ன செய்வது? பத்து நிமிடம் கொடுங்கள். வீட்டைச் சுற்றித் தேடுங்கள், பிள்ளையோடு தனியாக நேரம் கழிக்கப்போகும் ஒவ்வொரு பெரியவரின் பெயரையும் தேடுங்கள். மாநிலத் தளத்தில் மின்னஞ்சல் எச்சரிக்கை வசதி இருந்தால் பதிந்துகொள்ளுங்கள். தேசியத் தளம் அதைத் தருவதில்லை. இதே விவரங்களை மாதச் சந்தா வாங்கிக்கொண்டு தரும் செயலிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பட்டியலில் இருப்பவரை மிரட்டுவதோ, படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு வீட்டுமுன் கூட்டம் சேர்ப்பதோ குற்றம். தளமே அதை எச்சரிக்கிறது.

மிச்ச நேரம் போக வேண்டிய இடம் வேறு. நடன வகுப்போ நீச்சல் பயிற்சியோ மத வகுப்போ, சேர்ப்பதற்கு முன் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். ஊழியர்களுக்குக் கைரேகை வைத்து பேக்ரவுண்ட் செக் செய்கிறீர்களா, பெயரை மட்டும் தேடுகிறீர்களா? பெயர்த் தேடல் பிற மாநிலத் தண்டனையையும் மாற்றிய பெயரையும் எளிதில் தவறவிடும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கும் நேரம் உண்டா? கதவில் கண்ணாடி இருக்கிறதா? ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாமா? கழிப்பறைக்கு யார் கூட்டிப் போகிறார்? பெற்றோர் சொல்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிற இடத்தில் சேர்க்காதீர்கள். நல்ல இடங்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. எழுதிவைத்த விதியை எடுத்து நீட்டும்.

வீட்டில் மூன்று வயதிலேயே உடல் உறுப்புகளின் சரியான பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லிக்கொடுங்கள். செல்லப்பெயர் வைத்தால் பிள்ளை சொல்லும்போது ஆசிரியருக்கோ போலீஸுக்கோ புரியாது. “மாமாவுக்கு ஒரு முத்தா கொடு, கோவிச்சுக்குவார்” என்று தள்ளிவிடுவதை நிறுத்துங்கள். வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளையை நாமே பெரியவர் மனம் நோகக் கூடாது என்று பழக்கினால், அந்தப் பழக்கத்தைத்தான் நெருங்கி வருகிறவன் பயன்படுத்துகிறான். பெரும்பாலும் அவன் முதலில் பெற்றோரைத்தான் வளைக்கிறான்: சும்மா வந்து பார்த்துக்கொள்கிறேன், இலவசமாகச் சொல்லித்தருகிறேன், போனும் பரிசும் நான் வாங்கித்தருகிறேன். பிள்ளைக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று உருவாகிவிட்டதா என்று பாருங்கள். பிறந்தநாள் பரிசை ஒளித்துவைப்பது எல்லோருக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும் ரகசியம். யாரிடமும் எப்போதும் சொல்லாதே என்பது வேறு. இந்த வித்தியாசம் நான்கு வயதுக்கே புரியும்.

பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். “நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை” என்பது போதும். பிள்ளை பயன்படுத்திய வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அவர் தடயத்தை அழித்துவிடுவார். நடந்து சில நாட்களுக்குள் என்றால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். போலீஸுக்கோ மாநிலக் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் சைல்ட்ஹெல்ப் எண் 1-800-422-4453 இரவு பகல் எடுக்கும், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். போலீஸோ பாதுகாப்புத் துறையோ பிள்ளையைக் குழந்தைகள் ஆதரவு மையத்துக்கு அனுப்பலாம். 1985-இல் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் தொடங்கிய அந்த முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையிடம் பேசுகிறார், மற்றவர்கள் அடுத்த அறையிலிருந்து கேட்கிறார்கள். நடந்ததைப் பிள்ளை பல பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.